12 வோல்ட்தானே என்ற மெத்தனம்

பானட்டைத் திறந்து வயரில் கை வைப்பவரிடம் எச்சரிக்கை சொன்னால் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது." அடிக்காது என்பது உண்மை. உலர்ந்த தோலைத் தாண்டி உடலுக்குள் ஆபத்தான அளவு மின்சாரத்தைச் செலுத்த 12 வோல்ட் போதாது. ஆனால் கார் பேட்டரியின் ஆபத்து வோல்ட்டில் இல்லை, ஆம்பியரில் இருக்கிறது. ஷார்ட் ஆனால் அது பல நூறு ஆம்பியரைக் கொட்டிவிடும். பிளஸ் டெர்மினலைக் கழற்றும் ஸ்பேனரின் மறுமுனை காரின் பாடியில் பட்டால் அங்கேயே வெல்டிங் வைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளலாம். இடையில் மோதிரம் சிக்கினால் அது பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும். வீட்டில் எம்.சி.பி. ட்ரிப் ஆகிக் காப்பாற்றும். பல கார்களில் பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த கேபிளுக்குப் பியூஸே கிடையாது.

மைனஸை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும் என்ற விதியின் காரணம் இதுதான். மைனஸ் ஏற்கெனவே பாடியோடு இணைந்திருப்பதால், அதைக் கழற்றும் ஸ்பேனர் பாடியில் பட்டாலும் கேடில்லை. காரணம் தெரியாதவருக்கு இது வெறும் சடங்கு. அவசரத்தில் முதலில் கைவிடப்படுவதும் சடங்குதான். ஜம்ப் ஸ்டார்ட்டும் அப்படியே. சார்ஜ் ஏறும் பேட்டரி ஹைட்ரஜனை வெளியிடும். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே அது தீப்பிடிக்கும். கடைசிக் கிளிப்பைப் பேட்டரியில் மாட்டாமல், தள்ளி எஞ்சினின் வெற்று உலோகத்தில் மாட்டச் சொல்வது, பொறி அந்த வாயுவுக்குப் பக்கத்தில் எழக்கூடாது என்பதற்காக.

இவ்வளவு வம்பு எதற்கு, மெக்கானிக்கிடமே விட்டுவிடலாமே என்பார்கள். முழுவதும் ஏற்க முடியாது. டெர்மினலில் பூத்த உப்பு, எரிந்த பியூஸ், இறங்கிப்போன பேட்டரி ஆகியவற்றை வீட்டிலேயே கண்டறியலாம். எஞ்சின் நின்றிருக்கையில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட்டை ஒட்டியும், ஓடுகையில் 14 வோல்ட்டை ஒட்டியும் காட்டினால் பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் ஏறக்குறைய நலம். அளக்குமுன் சிவப்பு வயர் 10 ஆம்பியர் துளையில் இல்லை என்று பார்ப்பது முக்கியம். இருந்தால் மீட்டரே ஷார்ட்டாகிவிடும். தவிர, ஓடும் எஞ்சினில் பேட்டரி கேபிளைப் பிடுங்கி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும் பழக்கம் பட்டறைகளிலும் உண்டு. எலக்ட்ரானிக்ஸ் இல்லாத பழைய வண்டிகள் அதைத் தாங்கின. இன்று அந்த நொடியில் எகிறும் வோல்ட்டேஜ் ஈ.சி.யூ.வையே பொசுக்கிவிடலாம்.

அளப்பது வேறு, பிரிப்பது வேறு. வீட்டு வேலை அளப்பதோடு நிற்கட்டும். இக்னிஷன் காயில் பல்லாயிரம் வோல்ட் தரும், எனவே ஓடும் எஞ்சினில் பிளக் வயரைத் தொடக்கூடாது. சாவியை எடுத்த பிறகும் சில கார்களில் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுழலும். மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் கொல்லும். 10 ஆம்பியர் பியூஸ் அடிக்கடி போகிறதென்று 20 போட்டால், அடுத்து எரிவது வயர். ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டரையும், ஹைப்ரிட் கார்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடும் ஆரஞ்சு கேபிளையும் கண்டால் பானட்டை மூடிவிட்டுப் பயிற்சி பெற்றவரைக் கூப்பிடுவதே சரி.