முதல் கோணல் முற்றும் கோணலா?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

தறிச் சத்தத்தையே தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவன் நான். என் தந்தையார் பல்லடம் வட்டாரத்தில் விசைத்தறித் தொழிலாளி. எங்கள் ஊரில் தறிச் சத்தத்தையும் அடக்கிவிடும் சத்தம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து எழும் போர் விமானத்தின் முழக்கம். அது கேட்டால், பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன். இருபது வயதாகியும் அந்த ஓட்டம் நிற்கவில்லை.

நம் கல்லூரியிலும் என்னைப் போன்ற விமானப் பித்தர்கள் ஐந்தாறு பேர் உண்டு. மதிய இடைவேளையில் வேப்பமரத்தடியில் கூடினால் அங்கே பட்டிமன்றமே நடக்கும். 1965 போரில் பறந்த நேட் சிறந்ததா, 1971இல் லோங்கேவாலாவில் டாங்குகளை வேட்டையாடிய ஹண்டர் சிறந்ததா என்று தொண்டை வறளப் பேசுவோம். வேகம் எவ்வளவு, பீரங்கி எத்தனை, வீழ்த்தியது எத்தனை என்று கிரிக்கெட் ஓட்டங்களைப் போல எண்ணிக்கொண்டே போவோம்.

2025 செப்டம்பர் 26ஆம் நாள் மிக்-21 விமானங்களுக்குச் சண்டிகரில் விடை கொடுத்தார்கள். 1963இல் நம் விமானப்படைக்கு வந்த அது, அறுபத்திரண்டு ஆண்டுகள் பறந்து ஓய்ந்தது. அன்றைக்கு எங்கள் மன்றத்தில் சூடு பறந்தது. ரஷ்ய விமானம், பிரிட்டிஷ் விமானம், பிரெஞ்சு விமானம் என்று பேச்சு சுற்றிவந்து, நம் நாட்டு மாருத்தில் வந்து நின்றது. நண்பன் ஒருவன் கையை உதறிவிட்டுச் சொன்னான்: "பேருதான் காத்து மாப்ள. சுத்தத் தோல்வி. அத்தோட விட்டாங்களே, அதுவே பெரிசு."

அந்தச் சொல் என்னைச் சுட்டது. ஏன் சுட்டது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் மாருத்தின் கதையைக் கேளுங்கள், நண்பர்களே!

மாருதம் என்றால் காற்று. எச்.எஃப்.24 மாருத், இந்தியாவில் வடிவமைத்துக் கட்டப்பட்ட முதல் ஜெட் போர் விமானம். அதன் வடிவமைப்புக்குத் தலைமை தாங்கியவர் கர்ட் டாங்க் என்னும் ஜெர்மானியர். இரண்டாம் உலகப் போரில் பெயர் பெற்ற ஃபோக்கே-வுல்ஃப் 190 விமானத்தைப் படைத்தவர் அவரே. 1956இல் அவர் இந்தியாவுக்கு வந்து, பெங்களூரு விமானத் தொழிற்சாலையில் பணியைத் தொடங்கினார். அவருடன் உழைத்த நம் பொறியாளர்களும் தொழிலாளர்களும் அதற்குமுன் ஒரு ஜெட் போர் விமானத்தை வடிவமைத்துப் பழகியவர்கள் அல்லர். முதலில் எஞ்சினே இல்லாத மர விமானம் ஒன்றை முழு அளவில் கட்டினார்கள். 1959இல் அதை டகோட்டா விமானத்தின் பின்னால் கட்டி இழுத்துச் சென்று, வானத்தில் அவிழ்த்துவிட்டு, மிதந்து இறங்கும் அழகைச் சோதித்தார்கள். 1961 ஜூன் மாதத்தில் விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ் மெய்யான மாருத்தை முதன்முதலாக விண்ணில் செலுத்தினார்.

வடிவம் கிடைத்துவிட்டது; வலிமை கிடைத்ததா? ஒலியைப் போல் இரு மடங்கு வேகத்தில் பறக்க வேண்டும் என்பது விமானப்படையின் எதிர்பார்ப்பு. அதற்கென எண்ணியிருந்தது, 8,000 பவுண்டுக்கு மேல் உந்துவிசை தரவல்ல ஆர்ஃபியஸ் 12 என்னும் பிரிட்டிஷ் எஞ்சின். வேறு எவரும் அதை வாங்க முன்வராததால், அதை உருவாக்கி முடிக்கும் செலவை நம்மிடம் கேட்டார்கள். நம் அரசு கொடுக்கவில்லை. எனவே கையிலிருந்த ஆர்ஃபியஸ் 703 எஞ்சின்கள் இரண்டைப் பொருத்தினார்கள். ஒன்றின் உந்துவிசை 4,850 பவுண்டு மட்டுமே. இரண்டையும் கூட்டினால் சுமார் 4,400 கிலோ. விமானத்தின் எடையோ ஏறக்குறைய 9,000 கிலோ. எடையில் பாதிக்குக்கூட எட்டாத உந்துவிசை! இயற்பியல் மாணவனுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுமா? இரு மடங்கு வேகம் கனவாயிற்று. ஒலியின் வேகத்தை எட்டுவதே அதற்குப் பெரும்பாடாகிவிட்டது.

வேறு எஞ்சின் தேடினார்களா? தேடினார்கள். எகிப்து நாடு உருவாக்கிக் கொண்டிருந்த எஞ்சினைச் சோதிக்க ஒரு மாருத்தையே அங்கு அனுப்பினார்கள். 1969இல் எகிப்து அம்முயற்சியைக் கைவிட்டது. இருந்த எஞ்சினிலேயே கூடுதலாக எரிபொருளை எரித்து விசையைப் பெருக்கவும் முயன்றார்கள். அவ்வாறு மாற்றியமைத்த விமானத்தை ஓட்டிச் சென்றபோதுதான், 1970 ஜனவரி 10ஆம் நாள், அதே சுரஞ்சன் தாஸ் விபத்தில் உயிர் நீத்தார்.

இந்த அரை வலிமை விமானம் 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் என்ன செய்தது? தாழப் பறந்து தரைப்படைக்குத் துணை நின்றது. தரையிலிருந்து சுடப்பட்டு வீழ்ந்தவை உண்டு. ஆனால் வான்சண்டையில் எதிரி விமானத்திடம் ஒன்றுகூடத் தோற்கவில்லை. ஒரு எஞ்சின் அடிபட்ட நிலையிலும் மற்றதன் துணைகொண்டு தளம் திரும்பிய மாருத்களும் உண்டு. மொத்தம் 147 விமானங்கள் கட்டப்பட்டன.

மாருத்துக்குக் குறையே இல்லை என்று வாதிட நான் வரவில்லை. பின்னுடலின் அமைப்பு காற்றின் இழுவையைக் கூட்டியது. நான்கு பீரங்கிகளையும் ஒருசேரச் சுட்டால் எழுந்த அதிர்வு தொல்லை கொடுத்தது. குறையை மறைத்துப் புகழ் பாடுவதும் ஒரு வகைப் பொய்தான். ஆனால் எஞ்சினின் கதையைச் சொல்லாமல் வேகத்தை மட்டும் சொல்லித் தீர்ப்பு எழுதுவது எவ்வகை நீதி?

இதை ஓர் இரவு அப்பாவிடம் சொன்னேன். அவர் ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். தறியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டுவிட்டுச் சொன்னார்: "தறியில குத்தமில்ல கண்ணு. அரைக் குதிரை மோட்டாரை மாட்டிப்போட்டு, தறி சரியில்லைன்னா எப்படி?"

இனி, அந்தச் சொல் என்னை ஏன் சுட்டது என்பதைச் சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு, இங்கே ஆங்கிலத்தில் நடந்த பாடங்களைக் கேட்டுக் கலங்கிப் போனேன். மாலையில் வீடு திரும்பினால் இரவு பத்து மணி வரை தறிக்குடோனில் அப்பாவுக்கு மாற்றாள். முதற்பருவத் தேர்வில் கணிதத்திலும் ஆங்கிலத்திலும் தோற்றேன். செய்தி அறிந்த தாய்மாமன் அப்பாவிடம் சொன்னார்: "போதும் மச்சான். பையனைத் தறிக்கே அனுப்பீருங்க. புள்ளையையும் பிளஸ் டூவோட நிறுத்தீருங்க." புள்ளை என்றது என் தங்கையை.

மாமா கெட்டவர் அல்லர். 'முதல் கோணல் முற்றும் கோணல்' என்று ஊரே நம்புவதைத்தான் அவரும் நம்பினார். எனக்கு வலித்தது என் தோல்விக்காக அன்று. அதைக் காரணம் காட்டி, எனக்குப் பின்னால் வருபவளின் வழியை அடைக்கப் பார்த்தார்களே, அதற்காகத்தான்.

மாருத்துக்கும் நேர்ந்தது இதுவே என்பது என் கருத்து. முதல் முயற்சி குறையோடு முடிந்தது, அதில் வெட்கமில்லை. உலகில் எவருடைய முதல் முயற்சி குறையின்றி முடிந்தது? உண்மையான இழப்பு, அடுத்த முயற்சி உடனே தொடராததுதான். பத்தாண்டு பாடுபட்டுக் கற்ற கைகளுக்கு அடுத்த வேலை இல்லை. பிற நாட்டு விமானங்களை உரிமம் பெற்றுக் கட்டுவதே வழக்கமாயிற்று. நாமே வடிவமைத்த அடுத்த புதிய போர் விமானமான தேஜஸ் முதன்முதலாகப் பறந்தது 2001 ஜனவரி 4ஆம் நாள். 1961க்கும் 2001க்கும் இடையே நாற்பது ஆண்டுகள்! ஒரு தலைமுறை கற்றதை மறு தலைமுறை மறுபடியும் முதல் எழுத்திலிருந்து கற்க வேண்டியதாயிற்று.

எஞ்சின் பாடத்தையாவது கற்றோமா? 1980களில் தொடங்கிய நம் காவேரி எஞ்சின் தேஜஸில் இடம்பெறவில்லை. இன்று எங்கள் ஊர் வானத்தை அதிரவைக்கும் தேஜஸ் அமெரிக்க எஞ்சினில்தான் பறக்கிறது. புதிய தேஜஸ்கள் வந்து சேரத் தாமதமானதற்கு 2024, 2025ஆம் ஆண்டுகளில் சொல்லப்பட்ட காரணங்களுள் அந்த எஞ்சின் வராமையும் ஒன்று. வேப்பமரத்தடியில் நாம் பேச வேண்டியது இதையல்லவா?

ஆதலால் என் சக பித்தர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய விமானங்களைப் பற்றி இன்னும் நிறையப் பேசுவோம். ஆனால் வேகம் எவ்வளவு என்று கேட்பதோடு நில்லாமல், அதற்குக் கொடுத்த எஞ்சின் எது, கொடுக்க மறுத்தது எது, அதற்குப் பிறகு என்ன கட்டினார்கள் என்றும் கேட்போம். வெற்றி, தோல்வி என்ற இரண்டே பெட்டிகளில் எல்லாவற்றையும் போட்டு மூடுவது ஆராய்ச்சி ஆகாது.

சென்ற ஆண்டுச் சுற்றுலாவில் பெங்களூரு விசுவேசுவரய்யா அருங்காட்சியகத்தின் வெளியே நிற்கும் மாருத்தைப் பார்த்தேன். நண்பர்கள் மூக்கின் பக்கம் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நான் பின்பக்கம் போய், எஞ்சின்கள் இருந்த இடத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தோற்ற இரண்டு தாள்களையும் மூன்றாம் பருவத்தில் எழுதித் தேறிவிட்டேன். தங்கை இவ்வாண்டு பிளஸ் டூ எழுதுகிறாள். அவளை நிறுத்தவில்லை, அப்பா மாமாவின் பேச்சைக் கேட்கவில்லை. அவளுக்குக் கணிதத்தையும் ஆங்கிலத்தையும் இரவில் நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன். எனக்குச் சொல்லித்தர வீட்டில் ஆளில்லை, அவளுக்கு இருக்கிறது. முதலில் போனவன் தடுமாறிக் கற்றது வீணாகவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்கு வேண்டியதில்லை.