செக் திரும்பினால்கூட ஒரு சீட்டு வரும்!

நான் பி.காம். படித்தவன். கல்லூரியில் சொல்லிக்கொடுத்ததில் முக்கால்வாசி மறந்துவிட்டது. மறக்காத ஒன்று: பேங்கில் செக் திரும்பினால் கூடவே ஒரு சீட்டு வரும். 'கணக்கில் போதிய பணம் இல்லை', 'கையெழுத்து ஒத்துப்போகவில்லை' என்று காரணம் போட்டிருக்கும். பணம் கட்டுவதா, கையெழுத்தைச் சரிசெய்வதா, கோர்ட்டுக்குப் போவதா என்று அந்தச் சீட்டை வைத்துத்தான் முடிவெடுப்போம். சீட்டே தராமல் மேனேஜர் செக்கைக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டால் சும்மா இருப்போமா?

இணையத்தில் சும்மாதான் இருக்கிறோம். ராத்திரி கண்விழித்து ஒன்றை எழுதிப் போடுகிறோம். காலையில் பார்த்தால் காணோம். யார் எடுத்தார்கள், எதற்கு எடுத்தார்கள்? பல சமயம் மூச்சே இல்லை. மிஞ்சிப்போனால், 'எங்கள் சமூக நெறிமுறைகளுக்கு எதிரானது' என்று ஒற்றை வரி. எந்த நெறிமுறை, எந்த வாக்கியம் என்று கேட்க ஆள் கிடையாது. இதைவிடக் கில்லாடித்தனம் ஒன்று உண்டு. பதிவை நீக்க மாட்டார்கள். மற்றவர்கள் கண்ணில் படாமல் அமுக்கிவிடுவார்கள். நாம்பாட்டுக்கு 'ஒருத்தரும் கண்டுக்கலையே' என்று உட்கார்ந்திருப்போம்.

2016-ல் நார்வேயில் நடந்ததைப் பாருங்கள். வியட்நாம் போரில், 1972-ல், நாபாம் குண்டில் உடம்பு வெந்து, துணியில்லாமல் அலறியபடி ஓடிவரும் சிறுமியின் படம் உலகத்துக்கே தெரியும். ஓர் எழுத்தாளர் அதை ஃபேஸ்புக்கில் போட்டார். நிர்வாணப் படமாம், நீக்கிவிட்டார்கள். 'ஆஃப்டன்போஸ்டன்' பத்திரிகை அதைச் செய்தியாக்கி, அதே படத்தோடு தன் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டது. 'படத்தை எடு, அல்லது மறை' என்று மின்னஞ்சல் வந்தது. ஆசிரியர் எஸ்பென் எகில் ஹான்சென் பதில் எழுதுவதற்குள், ஒரு நாள்கூட முடியாத நிலையில், அவர்களே நீக்கிவிட்டார்கள். அவர் ஸக்கர்பெர்குக்கு முதல் பக்கத்திலேயே பகிரங்கக் கடிதம் எழுதினார். நாட்டின் பிரதமர் எர்னா சோல்பெர்க் அந்தப் படத்தைத் தன் பக்கத்தில் போட்டார். அதையும் நீக்கினார்கள்! ஊரே காறித்துப்பிய பிறகு, செப்டம்பர் 9-ம் தேதி படத்துக்கு அனுமதி கொடுத்தார்கள்.

பிரதமர் கேட்டால் நடக்கிறது. பத்திரிகை ஆசிரியர் கேட்டால் நடக்கிறது. நீங்களும் நானும் கேட்டால்?

2020 அக்டோபரில் பிரேசிலில் ஒருவர், மார்பகப் புற்றுநோயின் அறிகுறிகளை விளக்கும் படங்களை இன்ஸ்டாகிராமில் போட்டார். இயந்திரம் பார்த்து நீக்கியது. அந்தக் கம்பெனியே அமைத்த மேற்பார்வை வாரியம், 2021 ஜனவரியில் 'இது தப்பு' என்றது. 'எந்த விதியின்படி நீக்கினீர்கள், நீக்கியது இயந்திரமா என்று எழுதியவருக்குச் சொல்லுங்கள்' என்றும் கேட்டுக்கொண்டது. ஒரு பெண்ணின் உயிரைக் காப்பாற்றக்கூடிய தகவலே இந்தக் கதி!

"கோடிக்கணக்கான பதிவுக்கு எப்படி சார் கடுதாசி போடறது?" என்பார்கள். பணம் எடுத்தால் பேங்கிலிருந்து எஸ்.எம்.எஸ். வருகிறதே, அது எப்படி? நொடியில் நீக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு நொடியில் நாலு வரி அனுப்பத் தெரியாதா? "சொன்னால் மோசடிக்காரன் உஷாராகிவிடுவான்" என்பது அடுத்த சாக்கு. ஐரோப்பிய யூனியனில் 2024 பிப்ரவரி 17 முதல் முழுமையாக அமலில் இருக்கும் டிஜிட்டல் சேவைகள் சட்டத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. மொத்தமாகக் கொட்டப்படும் ஏமாற்று விளம்பரங்களுக்கு விளக்கம் தர வேண்டாம். மற்றபடி நீக்கினாலும், அமுக்கினாலும், காரணத்தையும் முறையிடும் வழியையும் சொல்லியாக வேண்டும்.

நம் நாட்டில் சட்டம் இல்லையா? இருக்கிறது. 50 லட்சத்துக்கு மேல் பயனாளிகள் உள்ள சமூக வலைதளங்கள் தாமாக ஒன்றை நீக்கும்போது, நீக்குவதற்கு முன்பே காரணம் சொல்லி, மறுத்துப் பேச வாய்ப்பும் தர வேண்டும் என்கின்றன 2021-ம் வருட விதிகள். ஆனால், அரசாங்கமே முடக்கச் சொன்னால் கதை வேறு. அதற்கு 2009-ம் வருட விதிகள். எழுதிய நபரையோ 'அல்லது' நிறுவனத்தையோ கண்டுபிடித்து நோட்டீஸ் கொடுக்க முயற்சி செய்தால் போதும் என்கிறது 8-வது விதி. அந்த 'அல்லது' போதாதா? கம்பெனிக்குச் சொல்லிவிட்டால் கடமை முடிந்தது! போதாக்குறைக்கு, எல்லாவற்றையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது 16-வது விதி. எழுதியவர் யாரென்று தெரிந்தால் அவரையும் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில், ஷ்ரேயா சிங்கால் வழக்கில் விளக்கியது. விதிப் புத்தகத்தில் அந்த 'அல்லது' மட்டும் அசையவில்லை.

நாட்டின் பாதுகாப்பு என்பார்கள். எழுதியவனுக்குத் தான் எழுதியது தெரியாதா என்ன? அதை எதற்காக எடுத்தோம் என்று அவனிடமே மறைப்பதில் யாருக்குப் பாதுகாப்பு?

எதையுமே நீக்காதே என்று நான் சொல்லவில்லை. ஆபாசமும் கொலைமிரட்டலும் போகத்தான் வேண்டும். நான் கேட்பது நாலே வரி. எதை எடுத்தீர்கள்? எதற்கு? எடுத்தது ஆளா, இயந்திரமா, அரசாங்கமா? எங்கே முறையிடுவது? வாட்ஸ்அப்பில் நண்பர் ஒரு தகவலை அழித்தால்கூட, அழித்த அடையாளம் அங்கே நிற்கிறது. காரணம் தெரிந்தவன்தான் எதிர்த்துப் பேச முடியும். தெரியாதவன், 'நமக்கு எதுக்கு வம்பு' என்று அடுத்த முறை எழுதாமலே இருந்துவிடுவான். அவனை மௌனமாக்க அதற்குப் பிறகு யாரும் எதையும் நீக்கவே வேண்டாம்.

செக்கைத் திருப்புங்கள். ஆனால், சீட்டைக் கொடுங்கள்.