புள்ள அழுதுச்சா?

பிரசவ வார்டு வாசலில் எல்லோரும் 'ஆணா, பொண்ணா?' என்று கேட்பார்கள். என் அம்மா மட்டும், "புள்ள அழுதுச்சா?" என்றுதான் கேட்பாள். போன வருஷம் தங்கச்சிக்குப் பிரசவமானபோதும் நர்ஸிடம் அதையேதான் கேட்டாள். நர்ஸ் பதில் சொல்லாமல் உள்ளே ஓடினார். மாப்பிள்ளை சுவர் காலண்டரையே பார்த்துக் கொண்டு நின்றார்.

அழவில்லை.

மூச்சு விட வைத்து, ஐ.சி.யூ.வுக்குத் தூக்கிக் கொண்டு போனார்கள். அரை மணி நேரத்தில் டாக்டரம்மா ஒரு சீட்டோடு வந்தார். "தொப்புள்கொடி ரத்தத்துல பி.ஹெச். 6.9. கம்மி."

"எவ்வளவு இருக்கணும் மேடம்?"

"7.2, 7.3."

நான் பி.காம். பூ... 0.4தானே, ரவுண்ட் ஆஃப் பண்ணிடலாம் என்று தெம்பாகிவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அது நம்ம ஆபீஸ் கணக்கு இல்லை. 0.3 இறங்கினாலே ரத்தத்தில் அமிலம் இரண்டு மடங்கு. முழுசாக ஒன்று இறங்கினால் பத்து மடங்கு!

ஓடுகிற பஸ்ஸைத் துரத்தியிருக்கிறீர்களா? ஆக்ஸிஜன் போதாமல் தசைகள் சர்க்கரையை அரைகுறையாக எரிக்கும்; ரத்தத்தில் லாக்டேட் ஏறும். பஸ் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நமக்குக் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். வயிற்றுக்குள் மூச்சு முட்டிய பிள்ளைக்கு மொத்த உடம்புமே அப்படித்தான் எரியும், மூளை உட்பட. மணிக்கணக்கில் லாக்டேட் இறங்காவிட்டால் ஆபத்து.

இன்னும் துப்புகள் உண்டு. ஆக்ஸிஜன் பஞ்சம் வந்தால் உடம்பு, நியூக்ளியஸ்கூட உதிராத குட்டிச் சிவப்பணுக்களை அவசரமாக ரத்தத்துக்கு அனுப்பும். மார்ச் 31-ல் டிரெய்னியை எல்லாம் கவுண்டரில் உட்கார வைப்பார்களே, அந்த மாதிரி. அடிபட்ட செல்களிலிருந்து எல்.டி.ஹெச்., மூளையிலிருந்து எஸ்100பி என்று சரக்கு கசியும். எண் ஏறினால் பாதிப்பும் ஜாஸ்தி என்பது பொது விதி. ஆனால், 'இந்தப் பிள்ளை இப்படித்தான் ஆகும்' என்று அடித்துச் சொல்ல ஒற்றை ரத்த டெஸ்ட் எதுவும் கிடையாது. டாக்டரம்மாவும் சீட்டைவிடப் பிள்ளையைத்தான் அதிகம் பார்த்தார். கை கால் துவளுதா, பால் சப்புதா, வலிப்பு வருதா... 1976-ல் சார்னட் தம்பதி வகுத்த மூன்று படி இருக்கிறது. எங்கள் பிள்ளை இரண்டாவது படி.

"உடம்பைக் குளிர வைப்பாங்களாமே?" என்றார் மாப்பிள்ளை, செல்போனில் படித்துவிட்டு. உண்மைதான். பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் ஆரம்பித்து, 72 மணி நேரம் 33.5 டிகிரியில் வைப்பது. பணக்கார நாடுகளில் பலன் கொடுத்த வைத்தியம். ஆனால் இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 408 பிள்ளைகளிடம் செய்து பார்த்து 2021-ல் வெளியிட்டார்கள். குளிர வைத்தவர்களில் 42 சதவீதம் இறந்து போனார்கள், வைக்காதவர்களில் 31. டாக்டரம்மா அதைச் சொல்லி, வேண்டாம் என்றார். மாப்பிள்ளை மறுபடி கேட்கவில்லை.

"அப்ப முடிவா எப்பத்தான் தெரியும் மேடம்?"

"ஒன்றரை வயசுல."

ஆடிட் ரிப்போர்ட்கூட இவ்வளவு லேட்டாக வராதே என்று வாய் வரை வந்தது. மாப்பிள்ளை முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

மூன்றாம் நாள் ராத்திரி, பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். ஐ.சி.யூ. கதவிலேயே காதை வைத்திருந்த அம்மாதான் முதலில் கேட்டாள்.

இப்போது பதினாறு மாசம். நேற்று மாப்பிள்ளை போன் பண்ணினார்.

"மச்சான், சோபாவைப் பிடிச்சுக்கிட்டுத் தானா நின்னுட்டா!"

"எத்தனை செகண்ட்?"

"எண்ணலை மச்சான்."