தன் கையே தனக்குதவி - எதுவரை?

தண்டவாளமே இல்லாத தீவில் ஒரு ரயில்வேக்காரனுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் என்னைக் கேலி செய்வதுண்டு. தண்டவாளம் இல்லாவிட்டால் என்ன? இங்கே எஞ்சினுக்குப் பஞ்சமில்லை. நம் வீட்டு விளக்கு எரிவதே பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டரின் புண்ணியத்தில்தான். மீன்பிடி டிங்கி, ஆட்டோ, லாரி, தோட்டத்துப் பம்பு என்று நம்மவர்களில் பலருக்கு எஞ்சின்தான் சோறு போடுகிறது. அது புகை கக்கி, ஆயில் குடித்து, இழுவை குறையும்போது ஒரு கேள்வி எழுகிறது: நாமே பிரித்துச் சரிசெய்வதா, மெஷின் ஷாப்புக்குக் கொடுப்பதா?

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்து சேர்ந்த பிறகு இந்தக் கேள்வி இன்னும் பெரிதாகிவிட்டது. கைப்பேசியில் ஒரு படம் பார்த்துவிட்டு, "ஐயா, இவ்வளவுதானா? நாமே செய்துவிடலாமே" என்று இளைஞர்கள் ஸ்பேனரை எடுக்கிறார்கள். இன்னொரு சாரார் எதையும் பார்க்காமலே முழு எஞ்சினையும் கப்பலேற்றிச் சென்னைக்கு அனுப்புகிறார்கள். இரண்டுமே சரியல்ல என்பது என் கருத்து.

ரயில்வேயில் இதற்கு ஒரு நல்ல வழக்கம் உண்டு. டபிள்யூ.டி.எம்.2 டீசல் எஞ்சினை வாசகர்கள் பார்த்திருப்பீர்கள். 16 சிலிண்டர், 2,600 குதிரைத் திறன், சிலிண்டர் விட்டம் 9 அங்குலம். அதன் பிஸ்டன், ரிங், லைனர், ஹெட் இவற்றை ஷெட்டிலேயே கழற்றி மாற்றுவோம். பெரிய மராமத்து என்றால் பொன்மலை போன்ற பணிமனைக்குத்தான் போகும். எது எங்கே என்பதை எவருடைய தைரியமும் தீர்மானிப்பதில்லை, அளவுதான் தீர்மானிக்கும். ஒவ்வொரு பாகத்துக்கும் தேய்மான எல்லை எழுதி வைக்கப்பட்டிருக்கும். எல்லைக்குள் இருந்தால் திரும்பப் பூட்டலாம், தாண்டினால் வெளியே.

வீட்டு எஞ்சினுக்கும் இதே நியாயம்தான். கழற்றுவது, கழுவுவது, அளப்பது, பூட்டுவது ஆகியவற்றை நாமே செய்யலாம். தவறினாலும் மறுபடி கழற்றிப் பூட்டலாம். உலோகத்தைச் சீவும் வேலை மட்டும் மெஷினுக்கு உரியது. சீவிய இரும்பை மறுபடி ஒட்ட முடியாது.

சீவுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஓவர்சைஸ் பிஸ்டன்கள் பொதுவாக 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் என்றே கிடைக்கும். ஆக, ஒரு சிலிண்டருக்கு இருப்பது நாலைந்து ஆயுள். ஒரு தடவை அரைகுறையாக போர் அடித்தால் ஓர் ஆயுள் வீண். கிராங்க் ஷாஃப்டும் அப்படித்தான். ஒருவர் ஜர்னலை உப்புத்தாளால் கையாலேயே தேய்த்துப் பளபளப்பாக்கிப் பூட்டியதைப் பார்த்திருக்கிறேன். பளபளப்பு இருந்தது, உருண்டை போய்விட்டது; சில நாளிலேயே பேரிங் பிடித்துக்கொண்டது. சாலையில் லாரி நின்றால் ஓரம் தள்ளலாம். கடலில் டிங்கி நின்றால் நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகும். அதில் இருப்பவர் நம் பிள்ளைகள்.

ஆகவே முதலில் அளவு. சிலிண்டரில் அதிகம் தேய்வது மேல் ரிங் நின்று திரும்பும் இடம். மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில், குறுக்கும் நெடுக்குமாக ஆறு அளவு எடுக்கவேண்டும். போர் கேஜ் இல்லையா? ஒரு ரிங்கைச் சிலிண்டருக்குள் போட்டு, பிஸ்டனைக் கவிழ்த்து நேராகத் தள்ளி, அதன் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் மேலேயும் கீழேயும் பாருங்கள். வித்தியாசத்தை 3.14ஆல் வகுத்தால் விட்டத்தின் வித்தியாசம் கிடைக்கும். 0.30 மி.மீ. வந்தால் விட்டத்தில் ஏறக்குறைய 0.10 மி.மீ. தேய்மானம். சிலிண்டர் கோணலாகத் தேய்ந்திருப்பதை இது காட்டாது; ஆனாலும் எஞ்சினைக் கப்பலேற்றுவதா வேண்டாமா என்று யோசிக்க இது போதும்.

கையேட்டின் எல்லைக்குள் இருந்தால் புது ரிங் போட்டு வீட்டிலேயே முடிக்கலாம். வெட் லைனர் எஞ்சினாக இருந்தால், லைனரையும் ரப்பர் வளையங்களையும் பொறுமையுள்ள எவரும் மாற்றலாம். கடல்நீரால் குளிரும் எஞ்சினில் லைனரின் வெளிப்புறத்தை உப்பு அரித்துள்ளதா என்றும் பார்க்கவேண்டும். வால்வுக்குப் பேஸ்ட் போட்டுக் கையால் தேய்க்கலாம். சீட் இறங்கியிருந்தால் மெஷின்தான். போர், கிராங்க் கிரைண்டிங், ஹெட் ஃபேசிங் இவற்றில் கை வைக்கவேண்டாம். ஃபியூயல் பம்பையும் நாசிலையும் வீட்டில் பிரிக்கவே கூடாது. அவை டெஸ்ட் பெஞ்சில் பார்க்கவேண்டியவை.

ஷாப்புக்குக் கொடுப்பதிலும் விவரம் வேண்டும். இங்கிருந்து சென்னை ஏறக்குறைய 1,370 கிலோமீட்டர், கப்பலில் சுமார் மூன்று நாள். டிக்லிபூரிலோ கேம்பல்பேயிலோ இருப்பவர்களுக்குத் தலைநகர் வந்து சேர்வதே தனிப் பயணம். முழு எஞ்சினை அனுப்பினால் கூலியும் கூடும், தேவையில்லாத பாகங்களும் மாறிவரும். வேலை தேவைப்படும் பாகத்தை மட்டும், எடுத்த அளவுகளை எழுதி அனுப்புங்கள். புது பிஸ்டனையும் கூடவே கொடுங்கள். பிஸ்டனை அளந்துதான் போர் அடிக்கவேண்டும். திரும்பி வரும்போது எண்ணெய் பூசிச் சுற்றி அனுப்பச் சொல்லுங்கள். புதிதாகச் சீவிய இரும்பு நம் உப்புக்காற்றில் ஒரே இரவில் துருப்பிடிக்கும். பூட்டுமுன் சிலிண்டரைச் சோப்பும் வெந்நீரும் விட்டுத் தேய்த்துக் கழுவி, வெள்ளைத்துணியால் துடைத்து, உடனே எண்ணெய் பூசவேண்டும். வெறும் மண்ணெண்ணெய் கழுவினால் ஹோனிங் தூள் முழுதும் போகாது. அந்தத் தூள் புது ரிங்கைத் தின்றுவிடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை உள்ள மீன்பிடித் தடைக்காலம் இந்த வேலைக்கு ஏற்றது. ஆனால் தடை தொடங்கிய பிறகு பிரித்தால் கப்பலுக்குக் காத்தே நாள் போய்விடும். மார்ச்சிலேயே அளந்து, எதை அனுப்புவது என்று முடிவு செய்யவேண்டும்.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நல்ல மைக்ரோமீட்டர், போர் கேஜ், டார்க் ரெஞ்ச் ஒரு குடும்பம் தனியாக வாங்கக்கூடியவை அல்ல. சங்கம் ஒரு செட் வாங்கி, நூலகப் புத்தகம்போல் இரவல் கொடுக்கலாம். டாலிகஞ்ச் ஐ.டி.ஐ.யில் படிக்கும் நம் பிள்ளைகளைக் கொண்டு, ஆண்டுதோறும் மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அளவு எடுக்கும் பயிற்சி நடத்தலாம். சொல்லிக்கொடுக்க என்னைப்போல் ஓய்வுபெற்றவர்கள் சிலர் இருக்கிறோம். கூலி வேண்டாம், டீ போதும்.

தன் கையே தனக்குதவி என்ற நம் பழமொழியை நான் மறுக்கவில்லை. அந்தக் கையில் ஸ்பேனருக்கு முன்னால் அளவுகோல் இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.