உல்லாசக் கப்பலும் களத்துமேட்டுக் கூலியும்

திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ நின்றுகொண்டு உல்லாசக் கப்பலைப் பற்றிப் பேசினால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். கரும்பு வெட்டிய கூலி வரவில்லை, மில் பூட்டிக் கிடக்கிறது, உளுந்து விலை சரிந்துவிட்டது. இந்த நிலையில் பணக்காரன் கப்பலைப் பற்றி நமக்கென்ன கவலை என்று தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கப்பலுக்குள் ஒரு சங்கதி இருக்கிறது. அது கூலியைப் பற்றிய சங்கதி. அதனால்தான் எழுதுகிறோம்.

புதிதாகக் கட்டிய மோட்டார் உல்லாசக் கப்பலை ஒரு சீமான் எப்படிச் சொந்தமாக்கிக் கொள்கிறான் என்பதை முதலில் பார்ப்போம். கடையில் சைக்கிள் வாங்குவது போன்ற காரியம் அல்ல அது. கட்டும் துறையோடு ஒப்பந்தம் போட்டவுடன் ஒரு தவணை. அடிக்கட்டை வைத்ததும் ஒரு தவணை. கூடு முடிந்ததும், எஞ்சின் ஏறியதும், தண்ணீரில் இறக்கியதும் மேலும் தவணைகள். பிறகு கடலில் ஓட்டிப் பார்ப்பார்கள். வேகம் சரியா, எஞ்சின் அதிர்கிறதா, சமையற்கட்டில் குழாய் ஒழுகுகிறதா என்று சோதித்துக் குறைகளைப் பட்டியல் போடுவார்கள். கடைசித் தவணையைக் கட்டிய நாளில் இரு தரப்பும் உட்கார்ந்து கையெழுத்திடும். இந்தக் கப்பலை நாங்கள் கட்டினோம் என்று கட்டும் துறை ஒரு சான்று தரும், விற்பனைப் பத்திரம் கைமாறும், எத்தனை மணிக்கு ஒப்படைக்கப்பட்டது என்பதைக்கூட எழுதி வைப்பார்கள். அந்த நிமிஷத்திலிருந்து கப்பலுக்கு எது நேர்ந்தாலும் அது வாங்கியவன் பொறுப்பு.

கொடி என்று ஒன்று உண்டு. கப்பலை எந்த நாட்டில் பதிவு செய்கிறார்களோ அந்த நாட்டின் கொடிதான் அதில் பறக்கும். சீமான்கள் தம் சொந்தப் பெயரில் பதிவு செய்வது அபூர்வம். கேமன் தீவிலோ மார்ஷல் தீவிலோ மால்டாவிலோ இதற்கென்றே ஒரு கம்பெனியைத் தொடங்கி, கப்பலை அந்தக் கம்பெனியின் பெயரில் எழுதி வைப்பார்கள். முதலாளி ஒரு நாட்டில், கம்பெனி இன்னொரு நாட்டில், கப்பல் மூன்றாவது நாட்டுத் துறைமுகத்தில். சமையற்காரனும் எஞ்சின் ஆளும் நாலு தேசத்திலிருந்து வந்தவர்கள். இவர்களுக்குச் சம்பளம் வராவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

பணம் வாங்குகிற நேரத்தில் கப்பல்காரனும் இதே கேள்வியைத்தான் கேட்கிறான். புதுக் கப்பலை ஒப்புக்கொள்ளும்போது அவன் கட்டும் துறையிடம், இதன் மேல் யாருக்கும் எந்தப் பாத்தியதையும் இல்லை என்று எழுதி வாங்குகிறான். எதற்கு இத்தனை ஜாக்கிரதை? கடல் சட்டத்தில் கடனைக் கொடுக்க வேண்டியவன் மனிதன் மட்டுமல்ல, கப்பலும்தான்!

விஜய் மல்லையாவின் கதை நம் வாசகர்களுக்குத் தெரியாததல்ல. 2006ல் அவர் ஒரு உல்லாசக் கப்பல் வாங்கினார். நெதர்லாந்தில் 2000த்தில் கட்டப்பட்டது. நீளம் 95 மீட்டர். பெயர் ‘இந்தியன் எம்ப்ரஸ்’. அவருடைய கிங்பிஷர் விமானக் கம்பெனி 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தியது. அதற்குள்ளேயே சிப்பந்திகளுக்குப் பல மாதச் சம்பளம் பாக்கி. வங்கிகள் தமக்கு வரவேண்டியது ஒன்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் என்று கணக்குச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போயின. 2016 மார்ச்சில் மல்லையா இந்தியாவை விட்டுப் போய்விட்டார். விமானக் கம்பெனியில் வேலை பார்த்தவர்களோ ஆண்டுக் கணக்கில் கோர்ட்டுப் படியும் லேபர் ஆபீஸ் படியும் ஏறி இறங்கினார்கள்.

கப்பலில் வேலை பார்த்தவர்களுக்கு என்ன ஆயிற்று? 2017 செப்டம்பர் முதல் அவர்களுக்கும் சம்பளம் இல்லை. நாற்பது பேருக்கு மேல்; இந்தியர், ஆங்கிலேயர், கிழக்கு ஐரோப்பியர் எல்லாரும் இருந்தார்கள். பாக்கி பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. அவர்கள் முதலாளியைத் தேடி லண்டனுக்கு ஓடவில்லை. தங்கள் யூனியன் மூலமாக மால்டாவில் கப்பலையே பிடித்துக் கட்டிப் போட்டார்கள். இது நடந்தது 2018 மார்ச்சில். ஒரு பகுதிச் சம்பளத்தைக் காப்பீட்டுக் கம்பெனியிடமிருந்து யூனியன் வாங்கிக் கொடுத்தது. அதே ஆண்டில் கோர்ட்டு கப்பலை ஏலத்தில் விட்டது. மூன்றரைக் கோடி யூரோவுக்குப் போயிற்று.

தோழர்களே, இதை நிதானமாகப் பாருங்கள். முதலாளி ஒருவரே. தொழிலாளிகள் இரண்டு கூட்டம். இரண்டு கூட்டத்துக்கும் சம்பளம் நின்றது. ஒரு கூட்டம் முதலாளியின் சொத்தைத் துறைமுகத்தில் நிறுத்தி வைத்து, என் கூலியை வைத்துவிட்டுக் கப்பலை எடு என்று சொல்ல முடிந்தது. இன்னொரு கூட்டம் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது. உழைப்பில் வித்தியாசமில்லை, பசியிலும் வித்தியாசமில்லை. வித்தியாசமெல்லாம் சட்டத்தில்!

மாலுமிக்கு இந்த உரிமை எப்படி வந்தது? முதலாளிகளின் இரக்கத்தால் வந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பழைய ஆங்கிலேயச் சட்டத்தில் சரக்குக் கூலி வந்தால்தான் மாலுமிக்குச் சம்பளம். புயலில் கப்பல் மூழ்கினால், நீந்திக் கரையேறியவனுக்குச் சல்லிக்காசு கிடையாது. அதுவரை அவன் உழைத்த மாதங்களும் கப்பலோடு மூழ்கிவிடும். அந்த அநியாய விதியை 1854ல்தான் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் எடுத்தது. ஆனால் கப்பல் உருப்படியாகக் கரை சேர்ந்தால் அதன் மேல் மாலுமிக்கு முதல் பாத்தியதை என்ற விதி அதற்கும் முன்பே வேரூன்றியிருந்தது. காரணம் சுலபம். கப்பல் இன்றைக்குத் துறைமுகத்தில் நிற்கும், நாளைக்குக் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விடும். அன்னிய மண்ணில் கைவிடப்பட்டவனுக்குப் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை. இந்தப் பிடியும் இல்லாவிட்டால் எவனும் கப்பலேற மாட்டான். எவனும் ஏறாவிட்டால் சரக்கும் நகராது, லாபமும் வராது.

நம் நாட்டிலும் இது இப்போது எழுத்தில் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் கடல்சார் வழக்குகள் சட்டம் 2018 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. கப்பலின் மேல் பாத்தியதை உள்ளவர்களை அது வரிசைப்படுத்துகிறது. முதல் இடம் கப்பலில் வேலை செய்பவர்களின் கூலிக்கு. பிறகு உயிர்ச்சேதம், காயம். பிறகு மற்றவை. அடமானம் பிடித்த வங்கி இவற்றுக்கெல்லாம் பின்னால்தான் வர வேண்டும். கப்பலை விற்றாலும், பெயரை மாற்றினாலும், கொடியை மாற்றினாலும் கூலிக்கடன் கப்பலை விட்டுப் போகாது. கூலி சேர வேண்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டு வரை அது கப்பலோடு ஒட்டியிருக்கும். சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டால் கப்பல் துறையை விட்டு நகர முடியாது.

வங்கிக்கு முன்னால் கூலி! நம் மில் தொழிலாளி இதைக் கேட்டால் பெருமூச்சு விடுவார். மில் திவாலாகும்போது தொழிலாளியின் பேச்சைக் கோர்ட்டு கேட்க வேண்டுமா என்பதே ஒரு காலத்தில் வழக்காக இருந்தது. கோவைக் கம்பெனி ஒன்றின் வழக்கில், தொழிலாளிக்கும் பேச உரிமை உண்டு என்று சுப்ரீம் கோர்ட்டு 1982 டிசம்பரில் தீர்ப்பளித்த பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. 1985ல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தி, தொழிலாளியின் பாக்கியை அடமான வங்கிகளோடு சமமாக வைத்தார்கள். 2016ல் வந்த திவால் சட்டம் அந்தச் சமத்துவத்துக்கும் ஒரு அளவுகோல் வைத்தது: திவால் நாளுக்கு முந்தைய 24 மாதப் பாக்கிக்கு மட்டும்தான் அந்த இடம். முப்பது ஆண்டு தறியோட்டியவனுக்கு இருபத்து நாலு மாதம். விழுப்புரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் புதுச்சேரி மில்களுக்கு ஷிப்டுக்குப் போனவர்களிடம் கேட்டுப் பாருங்கள், மில் மூடுவது என்றால் என்ன என்று சொல்வார்கள்.

இதில் இன்னும் ஒரு வேடிக்கை இருக்கிறது. கப்பலை ஓட்டுபவனுக்கு உள்ள இந்த உரிமை, கப்பலைக் கட்டியவனுக்குக் கிடையாது. இரும்புத் தகட்டை வெட்டிப் பற்றவைத்து, பெயிண்ட் அடித்து, தேக்குப் பலகை இழைத்துப் பளபளவென்று நிறுத்தினானே, அவனுக்குக் கட்டும் துறை கூலி பாக்கி வைத்தால் அது அவனுக்கும் அந்தத் துறைக்கும் உள்ள விவகாரம். கப்பல் அவனுக்குப் பதில் சொல்லாது. காசு வரும்வரை கப்பலைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை கட்டும் துறை முதலாளிக்கு உண்டு, பற்றவைத்தவனுக்கு இல்லை. இன்னும் தண்ணீரில் இறங்காத கப்பல், சர்க்கார் தனியாக அறிவித்தாலொழிய, அந்த 2017ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள்ளேயே வராது. மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் இந்தப் பற்றவைத்தவனின் வரிசையில்தான் நிற்கிறார்கள்.

ஆனால் நம் விவசாயத் தொழிலாளிக்கு இந்த உரிமை புதிதா? இல்லை என்றே சொல்வோம். களத்துமேட்டில் கூலி அளந்த வழக்கத்தை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கதிரடித்துத் தூற்றிப் பொலி குவித்ததும், அந்தக் குவியலிலிருந்தே கூலி நெல்லை மரக்காலில் அளந்து போட வேண்டும். அளந்த பிறகுதான் மூட்டை வண்டியேறும். கூலி பாக்கியிருக்க நெல் களத்தை விட்டு நகர்ந்தால் சண்டை நிச்சயம். அளவில் ஏமாற்றினார்கள், பதரைக் கலந்தார்கள், பொய் மரக்கால் வைத்தார்கள். எல்லாம் உண்மை. ஆயினும் விளைந்த நெல்லே கூலிக்குப் பிணை என்ற நியாயம் அங்கே நின்றது. மால்டாத் துறைமுகத்தில் கப்பலை நிறுத்தியதும் இதே நியாயம்தான்.

இன்று அறுவடை எந்திரம் வயலுக்குள் இறங்குகிறது. நெல் நேராக லாரிக்குப் போகிறது. கரும்பு வெட்டிய கூலியோ மேஸ்திரி கைக்கு வந்து, அவர் கொடுத்த முன்பணத்தைக் கழித்துக்கொண்டு, பிறகு வெட்டியவன் கைக்கு வருகிறது. கரும்பு ஆலைக்குள் போய்ச் சர்க்கரையாகி மூட்டையில் ஏறிவிட்ட பிறகு, அதன் மேல் யாருக்குப் பாத்தியதை? வங்கிக்கு. நூறு நாள் வேலைக்கு 2005ல் போட்ட சட்டம் பதினைந்து நாளில் கூலி தர வேண்டும் என்றது. வாரக் கணக்கில், மாதக் கணக்கில் காத்திருந்தவர்கள் எத்தனை பேர்! வெட்டிய குளத்தைக் கட்டிப் போட முடியுமா?

திண்டிவனத்திலிருந்து கிழக்கே போனால் மரக்காணம். ஒரு பக்கம் உப்பளம், மறுபக்கம் மீனவக் குப்பங்கள். இங்கேயும் புதுப் படகுகள் வந்தன. 2004 டிசம்பர் 26ல் ஆழிப்பேரலை கட்டுமரங்களையும் வலைகளையும் வாரிக்கொண்டு போன பிறகு, நம் கடற்கரையெங்கும் பைபர் படகுகளைக் கொடுத்தார்கள். மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள். படகின் பதிவு ஒருவர் பெயரில். கடலுக்குப் போவது நாலைந்து பேர். பிடித்த மீனைக் கரையில் ஏலம் விட்டு, டீசல் செலவும் ஐஸ் செலவும் கழித்து, படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, எஞ்சினுக்கு ஒரு பங்கு என்று எடுத்த பிறகு மிஞ்சுவதில்தான் ஆள் பங்கு. முன்பணம் கொடுத்த வியாபாரி இருந்தால் மீன் விலையை அவரே நிர்ணயிப்பார். படகுக்காரரும் ஏழைதான், அவரை நாம் மல்லையாவோடு சேர்க்கவில்லை. ஆனால் பங்காளுக்கு என்ன எழுத்து இருக்கிறது?

2017ல் ராமேஸ்வரத்தில் வேறொரு திட்டத்தைத் தொடங்கினார்கள். பாக் நீரிணையில் இழுவலைப் படகு ஓட்டுபவர்கள் அதை விட்டுவிட்டு ஆழ்கடலில் சூரை பிடிக்கப் போக வேண்டும். அதற்குப் புதுப் படகு. ஒரு படகின் மதிப்பு 80 லட்சம் ரூபாய். மத்திய சர்க்கார் பாதி, மாநில சர்க்கார் 20 சதம், வங்கிக் கடன் 20 சதம், மீனவர் கையிலிருந்து 10 சதம், அதாவது 8 லட்சம். மூன்று ஆண்டில் 2000 படகு என்றார்கள். அந்தக் கெடு முடிந்தபோது கடலில் இறங்கியவை நூறைக்கூட எட்டவில்லை. மானியம் எத்தனை, கடன் எத்தனை, தவணை எத்தனை என்று பைசா வரை கணக்குப் போட்டவர்கள், அந்தப் படகில் வாரக் கணக்கில் ஆழ்கடலில் கிடக்கப்போகும் ஆட்களின் கூலியைப் பற்றி என்ன பேசினார்கள்?

2017ஆம் ஆண்டுச் சட்டம் ‘கப்பல்’ என்ற சொல்லுக்குள் படகையும் சேர்த்தே சொல்கிறது. ஆகவே மரக்காணத்துப் படகுத் தொழிலாளி தன் கூலிக்காக ஐகோர்ட்டுக்குப் போகலாம் என்று வாதாட இடமிருக்கிறது. ஆனால் நாலாயிரம் ரூபாய்ப் பாக்கிக்குச் சென்னை வரை போய் வக்கீல் வைக்க யாரால் முடியும்? அந்தச் சட்டம் மீன்துறைமுகத்துக்கு இறங்கி வர வேண்டும். சர்க்கார் மானியம் பெறும் ஒவ்வொரு படகிலும் ஆள் பதிவேடு இருக்க வேண்டும். ஆள் பங்கு என்ன, எப்போது சேர வேண்டும் என்பதை அதில் எழுத வேண்டும். படகு கைமாறும்போது பாக்கி தீர்ந்தது என்று ஆட்கள் கையெழுத்திடாமல் மீன்வளத்துறை பெயர் மாற்றம் செய்யக்கூடாது. சீமான் தன் கப்பலுக்கு எழுதி வாங்குகிறானே, அதே பத்திரம்தான். கரும்பாலைக்கும் இதைக் கேட்போம்: வெட்டுக்கூலி தீர்ந்ததற்கான கையெழுத்து இல்லாமல் ஆலைக் கிடங்கிலிருந்து சர்க்கரை மூட்டை வெளியேறக் கூடாது.

இதற்கெல்லாம் சட்டம் வரும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. குப்பத்துச் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் போட்டு, எந்தத் தேதியில் யாரிடம் வேலை, பேசிய கூலி என்ன, வந்தது என்ன என்று அன்றன்றைக்கே எழுதி வைக்க வேண்டும். மால்டாவில் அந்த நாற்பது பேரும் தங்களுக்குச் சேர வேண்டியதை மாத வாரியாகக் காட்ட முடிந்தது. 1987ஆம் ஆண்டின் சட்ட உதவிச் சட்டப்படி ஆலைத் தொழிலாளிகளுக்கும் பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வக்கீல் செலவு சர்க்காருடையது. அதற்கான மனுவை விழுப்புரம் ஜில்லா கோர்ட்டில் இருக்கும் சட்டப் பணிகள் குழுவிடம் கொடுக்கலாம். போகும்போது அந்த நோட்டுப் புத்தகத்தைக் கையோடு எடுத்துப் போக வேண்டும்.