கொட்டகை வாசலில் வாய்ப்பூட்டு



படம் முடிகிறது, கதவு திறக்கிறது, கூட்டம் வெளியே பாய்கிறது. வாசலில் காத்து நிற்பவன் ஒலிவாங்கியை நீட்டி, "படம் எப்படி?" என்கிறான். "முதல் பாதி தேவலை, மறு பாதி இழுவை" என்கிறார் மேலூரிலிருந்து வந்த இளைஞர். "பாட்டு ஒன்றும் மனதில் நிற்கவில்லை" என்கிறார் அவருடைய அண்ணன். பொழுது சாய்வதற்குள் அந்தப் பேச்சு கைப்பேசி வழியே குமரிமுனை வரை போய்விடுகிறது.

இதைத்தான் நிறுத்தவேண்டும் என்றார்கள்! 2024 நவம்பரில், இந்தியன் 2, வேட்டையன், கங்குவா ஆகிய அவ்வாண்டுப் படங்களை வாசல் விமர்சனங்கள் கெடுத்துவிட்டன என்று குமுறியது, தமிழ்த் திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம். கொட்டகை வளாகத்துக்குள் யூடியூப்காரரை விடாதீர் என்றது. படம் வெளிவந்து மூன்று நாள்களுக்கு விமர்சனமே கூடாதென்று சென்னை உயர்நீதிமன்றத்தின் படியேறினர்.

வாய்க்குப் பூட்டு! எவன் வாய்க்கு? காசு கொடுத்து உள்ளே போனவன் வாய்க்கு!

மதுரைக்காரனுக்கா இந்தப் பூட்டு? 1937இல் சிந்தாமணி வந்தது. அதைப் பார்த்தவன், தான் பார்த்ததோடு நின்றானா? அண்டை வீட்டானையும் அழைத்துப் போனான். படமெடுத்த மதுரை ராயல் டாக்கீசார், வந்த இலாபத்தில், அப்படத்தின் பெயராலேயே இவ்வூரில் ஒரு கொட்டகை கட்டினர். பார்த்தவன் வாய்ப்பேச்சு செங்கல்லாகி, சுவராகி நின்ற கதை அது!

1952 தீபாவளிக்கு மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் தங்கம் கொட்டகை திறந்தது. 2,563 இருக்கைகள், முதற்படம் பராசக்தி. இன்று அந்தக் கொட்டகை இல்லை, அவ்விடத்தில் துணிக்கடை. ஆனால் அன்று உசிலம்பட்டியிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் வந்து பார்த்தவர்கள் கடைசிப் பேருந்தில் ஏறி ஊர் திரும்பினர். மறுநாள் கரிசலிலும் களத்துமேட்டிலும் கருணாநிதியின் வசனமும் கணேசனின் நடிப்பும் அலசப்பட்டன. புகழ்ந்தவர் உண்டு, பொருமியவர் உண்டு. பிடிக்கவில்லை என்றவரோடு எவருக்கும் வழக்கில்லை. தடை செய் என்று சிலர் கிளம்பினார்களே, அவர்களோடுதான் வழக்கு! அன்று படத்தின் வாயை அடைக்கப் பார்த்தார்கள். இன்று பார்த்தவன் வாயை.

தலைவர் சொன்னாலும் கேட்கமாட்டான் மதுரை இரசிகன். 1973இல் உலகம் சுற்றும் வாலிபன் ஓடாது. ஓடினால் சேலை கட்டிக்கொள்கிறேன் என்று மதுரை முத்து சவால் விட்டதாக ஊர் இன்றும் சொல்லிச் சிரிக்கிறது. படம் ஓடிற்று!

அமெரிக்க ஆய்வாளர் சாரா டிக்கி 1980களில் இதே மதுரையில் தங்கி, ஏழை எளியோர் படம் பார்ப்பதையும் அதைப் பற்றிப் பேசுவதையும் இரசிகர் மன்றங்களையும் ஆராய்ந்தார். 1993இல் அதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் நூலாக அச்சிட்டது. கேம்பிரிட்ஜ் அச்சேற்றிய பேச்சு, நம் கொட்டகை வாசலில் ஆகாதா?

தயாரிப்பாளரின் அச்சம் வெறும் பாசாங்கு என்று நான் சொல்லவில்லை. அந்நாளில் படப்பிரதிகள் சில. ஊர் ஊராய் நகரும். நூறு நாள் ஓடி முதலை மீட்கும். இன்று ஒரே நாளில் நூற்றுக்கணக்கான திரைகள். முதல் மூன்று நாள் வசூலே வாழ்வு! அந்த மூன்று நாளில் கூலிக்கு ஏசுவோரும், எதிர் நடிகருக்காகச் சேற்றை வாரி வீசுவோரும் புகுந்துவிடுகின்றனர். உண்மை. பொய்யனைப் பிடியுங்கள், மெய் சொல்பவனையும் சேர்த்தா கட்டுவது? அவ்வாண்டு டிசம்பரில் நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது, நல்லதாயிற்று.

ஆனால் தோழர்களே, பூட்டைத் தானே வாங்கிப் பூட்டிக்கொள்பவனை என்ன செய்வது? நம்மிலும் இருக்கிறான் அவன். படம் வருமுன்பே "வெற்றி" என்பான். எதிர் நடிகர் படம் என்றால் பாராமலே "படுதோல்வி" என்பான். கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுவான். வீட்டில் தங்கைக்குப் பால் உண்டா என்று கேளான். 2023 ஜனவரி 11 அன்று வாரிசு, துணிவு இரண்டும் ஒரே நாளில் வந்தன. அந்த அதிகாலையில், சென்னையில் லாரி மீதேறி ஆடிய இளைஞன் ஒருவன் விழுந்து மாண்டான். வயது இருபதுகூட நிரம்பவில்லை. எதற்காக ஆடினான்? ஒரு படத்துக்காக!

பாருங்கள்; பிறகு பேசுங்கள். உழைப்பவனை அதில் எப்படிக் காட்டினார்கள், பெண்ணை எப்படி நடத்தினார்கள் என்று கேளுங்கள். உங்கள் அபிமான நடிகரின் படமானாலும் இழுவை என்றால் இழுவை என்று சொல்லுங்கள்.

நான் மேடைக்கு எழுதுபவன். வசை எனக்கும் கசக்கும். மேலூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில் என் நாடகம் நடந்தது. தாய் சாகக் கிடக்கிறாள். மகன் நின்று நாட்டின் நிலையை முழங்குகிறான். கைதட்டலை எதிர்பார்த்திருந்தேன். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் துண்டை உதறி எழுந்து போய்விட்டார். மறுநாள் தேநீர்க்கடையில் பிடித்துக் கேட்டேன். "தம்பி, ஆத்தா உசிருக்குப் போராடுறா. அவன் பாட்டுக்குப் பேசிக்கிட்டே நிக்கிறான். ஒரு வாய்த் தண்ணி குடுக்க வேணாமா?" என்றார்.

கல்லூரியைப் பாதியில் விட்ட எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. இரண்டு பக்கத்தை அடித்தேன். அடுத்த ஊரில் மகன் வாய் திறக்குமுன் செம்பை எடுத்தான்.