பிடியரிசியும் கல்சுரல் லஞ்சும்

எங்கள் ஊர்ப் பக்கம் லேடீஸ் கிளப்புகள் நடத்துகிற மதிய விருந்துகளைச் சேவை என்று சொல்ல எனக்கு இனி வாய் வராது. நான் போயிருந்த ஒன்றில் ஏசி ஹால், பரதநாட்டியம், பஃபே எல்லாம் இருந்தது. கடைசியாகப் பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் ஒரு அக்காவுக்குத் தையல் மெஷின். ஆறு பேர் மெஷினைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். போட்டோ முடிந்ததும் அவரை அனுப்பிவிட்டார்கள். சாப்பிட்டுட்டுப் போங்கன்னு ஒருத்தரும் சொல்லவில்லை.

'கூடிச் சாப்பிட்டா என்ன தப்பு?' என்பீர்கள். தப்பே இல்லை. ஜப்பானில் 1949ல் தொடங்கிய காலேஜ் விமன்ஸ் அசோசியேஷனும் மதிய விருந்து நடத்துகிற சங்கம்தான். ஆனால் அது 1956 முதல் அச்சோவியக் கண்காட்சி நடத்தி, அந்த வருமானத்தில் மாணவர்களைப் படிக்க வைத்தது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். விருதுநகர் இன்னும் விருதுபட்டியாக இருந்த காலத்தில் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை வீடுவீடாக வாங்கிய பிடியரிசியில் நடந்தது. உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். காமராஜர் அங்கேதான் படித்தார். உறவின்முறை சாதி அமைப்புதான், ஆண்கள் நடத்தியதுதான். அதைக் கும்பிடச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிடி, கொடுத்தவள் வீட்டு உலையிலிருந்து குறைந்தது. இங்கே உங்க வீட்டிலிருந்து என்ன குறையுது?

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ரோட்டரி பெண்களைச் சேர்க்காத காலத்தில், 1924ல் மான்செஸ்டரில் ரோட்டரிக்காரர்களின் மனைவிமாருக்காகத் தொடங்கியது இன்னர் வீல். மனைவிமார் சங்கம் என்ற அந்த வார்ப்பு நம்ம ஊர் கிளப்புகளில் இன்னும் உடையவில்லை. ஆலை முதலாளியின் மனைவி, ஏஜென்ட்டின் மனைவி, அச்சக முதலாளியின் மனைவி என்று உட்கார்ந்திருக்கிறார்கள். எதைப் பற்றியும் பேசலாம், வீட்டுக்காரர் தொழிலைத் தவிர.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் கிட்டத்தட்ட 40 பேர் செத்தார்கள். 2023 அக்டோபர் 17 அன்று ரெங்கபாளையத்தில் செத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். விபத்துக்கு அப்புறம் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுக்க எல்லோரும் வருகிறார்கள். அனுமதிக்கு மேல் ஆட்களை மருந்தறையில் உட்கார வைத்தது ஏன், லைசென்ஸ் ஒருத்தர் பெயரில் இருக்க ஆலையை உள்குத்தகைக்கு விட்டது ஏன், பீஸ் ரேட்டில் கை ஓட ஓடத்தான் கூலி என்றால் எவள் நிதானமாக மருந்து அடைப்பாள் என்று கேட்க ஆளில்லை. இந்தக் கேள்விகளைக் கலெக்டர் ஆபீசில் மனுவாக எழுதி நீட்ட வேண்டியதில்லை. ராத்திரி சாப்பாட்டு மேசையிலேயே கேட்கலாம். இந்த ஊரில் அந்த வசதி உங்களுக்கு மட்டும்தான் இருக்கிறது.

தையல் மெஷின் வேண்டாமென்று சொல்லவில்லை. மருந்தறையை விட்டு வெளியே வர அது ஒருத்திக்கு உதவலாம். ஆனால் அவள் எழுந்த இடத்தில் மறுநாள் இன்னொருத்தி உட்காருவாள். அந்த இடத்தை மாற்றுவதைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

அடுத்த மாத விருந்துக்கு மருந்தறையில் வேலை பார்க்கிற ஒரு அக்காவைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிடுங்கள். அன்றைய கூலியைக் கையில் கொடுத்துக் கூப்பிடுங்கள். எந்த ஆலை என்று மட்டும் கேட்காதீர்கள், மறுநாள் அவருக்கு வேலை இருக்காது. முதலில் அவர் பேசட்டும், அப்புறம் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். அவர் சொன்னதை வீட்டுக்குப் போய்க் கேட்க முடியாதென்றால், அந்த விருந்துக்குச் சேவை என்று பெயர் வைக்காதீர்கள்.